சிறுநீரகக் கல்: சின்னத் துளை ஒப்பரேஷனும் அதற்குப் பிறகு நாம் செய்ய வேண்டியதும்



இந்த இதழின் சுகாதாரப் பாடம் சிறுநீரகக் கல்லைப் பற்றியது. "கிட்னியில கல்லு" என்று ஒருவருக்குச் சொல்லிவிட்டால் போதும், லயத்தில் இரண்டு விதமான பேச்சு எழும்பும். "ஐயோ, கத்தி வச்சா அப்புறம் கூடை தூக்கவே ஏலாது" என்று பயப்படுவோர் ஒரு பக்கம். "இப்பல்லாம் சின்ன ஓட்டை போட்டு எடுத்துர்றாங்க, ரெண்டு நாள்ல வந்துறலாம், ஒண்ணுமில்ல" என்று அலட்சியமாகப் பேசுவோர் மறு பக்கம். இரண்டு பேச்சிலும் பாதி உண்மை இருக்கிறது, பாதி பிழை இருக்கிறது. அந்தப் பிழையால் ஒரு அக்கா பட்ட கஷ்டத்தை நான் கண்ணால் பார்த்தேன். அதில் என் தவறும் உண்டு. அதனால்தான் இந்தப் பாடத்தை எழுதுகிறேன். அந்தக் கதையைப் பின்னால் சொல்கிறேன்.

கல் எப்படி உண்டாகிறது?

சிறுநீரகம் நமது இரத்தத்தைச் சுத்தம் செய்து, கழிவு உப்புகளைத் தண்ணீரோடு சேர்த்துச் சிறுநீராக வெளியே அனுப்புகிறது. தண்ணீர் போதாமல் போனால் சிறுநீர் தடித்து, அதிலுள்ள உப்புகள் கரையாமல் படியத் தொடங்கும். கேத்தலின் அடியில் உப்புப் படிவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதுபோல மணல் அளவில் தொடங்கி, மிளகு அளவாகி, சிலருக்குப் பாக்கு அளவுக்கும் வளரும்.

கல் சிறுநீரகத்தில் சும்மா இருக்கும்போது பல பேருக்கு ஒன்றும் தெரியாது. அது நழுவிக் கீழே வரும் குழாயில் மாட்டிக்கொள்ளும்போதுதான் வலி வரும். விலாவுக்குப் பின்புறம் தொடங்கி அடிவயிறு, தொடை இடுக்கு வரை இழுக்கும். வாந்தி வரும். சிறுநீர் சிவப்பாகப் போகலாம். பிள்ளை பெற்ற தாய்மார்கூட "பிரசவ வலி மாதிரி" என்றுதான் சொல்வார்கள்.

எல்லாக் கல்லுக்கும் ஒப்பரேஷன் வேண்டுமா?

வேண்டியதில்லை. சிறுநீர்க் குழாயில் இறங்கிய கல் 5 மில்லிமீட்டர் வரை இருந்தால், நூற்றுக்கு 68 பேருக்குத் தானாகவே வெளியேறும் என்று 2007ஆம் ஆண்டு வைத்திய நிபுணர்கள் பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்துக் கணக்கிட்டிருக்கிறார்கள். 5 முதல் 10 மில்லிமீட்டர் வரையான கல் என்றால் நூற்றுக்கு 47 பேருக்குத்தான். எனவே சின்னக் கல்லுக்கு டாக்டர் வலி மருந்து கொடுத்து, "தண்ணி குடிங்க, கொஞ்ச நாள் பார்ப்போம்" என்று அனுப்பினால், நம்மைக் கவனிக்காமல் விட்டுவிட்டார் என்று கோபிக்கக் கூடாது.

ஆனால் கல் பெரிதாக இருந்தாலோ, வலி விடாமல் வந்தாலோ, சிறுநீர் அடைபட்டுச் சிறுநீரகம் வீங்கினாலோ எடுக்கத்தான் வேண்டும். வாழைத்தண்டு சாறு குடிக்கலாம், கெடுதல் இல்லை. ஆனால் பாக்கு அளவு கல்லை அது கரைக்காது. பியர் குடித்தால் கல் போகும் என்று சொல்வதும் வெறும் சாக்குத்தான். சாராயக் கடைக்குத்தான் அதனால் லாபம்.

அந்தக் காலமும் இந்தக் காலமும்

எங்கள் தோட்டத்தில் பென்ஷன் எடுத்த தாத்தா ஒருவர் இருக்கிறார். அவருக்கு 1980களில் கல் எடுத்தார்கள். இடுப்புக்கு மேலே ஒரு சாண் நீளத்துக்குத் தழும்பு. பல நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து, வீட்டுக்கு வந்தும் மாதக் கணக்கில் மலைக்குப் போக முடியவில்லை. நம் சனத்தின் பயம் அந்தத் தழும்பைப் பார்த்து வந்த பயம்.

இன்று அப்படி நீளமாக வெட்டுவது மிகச் சிலருக்குத்தான். முதுகில் சின்னத் துளை போட்டுக் கல்லை எடுக்கும் முறையை சுவீடன் நாட்டு டாக்டர்கள் 1976இல் வெளியிட்டார்கள். வெளியிலிருந்து அதிர்வு அலை கொடுத்துக் கல்லை உடைக்கும் முறையை 1980இல் ஜேர்மனியின் மியூனிக் நகரில் முதன்முதலாக ஒரு நோயாளிக்குச் செய்தார்கள். பிறகு மெல்லிய கமராக் குழாய்களும் லேசர் கதிரும் வந்தன. இன்று பொதுவாக மூன்று வழிகள் உண்டு.

முதலாவது: அதிர்வு அலை. வெட்டு இல்லை, துளையும் இல்லை. மெஷினில் படுக்க வைத்து, கல்லைக் குறிபார்த்து அலையை அனுப்புவார்கள். கல் மணலாக உடைந்து சிறுநீரோடு போகும். நடுத்தர அளவுக் கல்லுக்கும் அதைவிடச் சின்னக் கல்லுக்கும் இது ஏற்றது. ஒரே தடவையில் முடியாமல் இரண்டு, மூன்று தடவை செய்ய நேரலாம். கர்ப்பிணித் தாய்மாருக்கு இதைச் செய்யக் கூடாது. நாள் தள்ளிப் போயிருந்தால் முதலிலேயே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

இரண்டாவது: சிறுநீர் வழியாகக் குழாய் விடுவது. மயக்க மருந்து கொடுத்து, சிறுநீர் போகும் வழியாகவே மெல்லிய கமராக் குழாயை மேலே அனுப்பி, லேசரால் கல்லை உடைத்து எடுப்பார்கள். உடம்பில் காயமே தெரியாது. பெரும்பாலோர் அன்றோ மறுநாளோ வீட்டுக்கு வந்துவிடுவார்கள்.

மூன்றாவது: முதுகில் துளை. 2 சென்றிமீட்டருக்கு மேற்பட்ட பெரிய கல்லுக்கு இதுதான் சிறந்த வழி. முதுகுப் பக்கம் ஏறக்குறைய ஒரு சென்றிமீட்டர் அளவில் துளையிட்டு, அதன் வழியாகச் சிறுநீரகத்துக்குள் போய்க் கல்லை உடைத்து வெளியே எடுப்பார்கள். சில நாள் ஆஸ்பத்திரியில் நிற்க வேண்டும்.

எது யாருக்கு என்பதைக் கல்லின் அளவு, அது இருக்கும் இடம், நமது உடம்பின் நிலை ஆகியவற்றைப் பார்த்து டாக்டர்தான் முடிவு செய்வார். "பக்கத்து லயத்துத் தம்பிக்கு வெட்டாம எடுத்தாங்களே, எனக்கு மட்டும் ஏன் துளை?" என்று சண்டை பிடிக்க வேண்டாம். அரசாங்க ஆஸ்பத்திரியில் இந்த வைத்தியத்துக்குக் கட்டணம் இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள். இதற்காக நகையை அடகு வைக்க ஓட வேண்டாம்.

பலன் எப்படி இருக்கிறது?

பல நாடுகளைச் சேர்ந்த 96 ஆஸ்பத்திரிகளில், 2007 முதல் 2009 வரை முதுகுத் துளை முறையில் கல் எடுத்த 5,803 பேரின் விபரங்களைச் சேர்த்துப் பார்த்தார்கள். நூற்றுக்கு 76 பேருக்குக் கல் முழுவதும் போயிருந்தது. மற்றவர்களுக்குச் சிறு துண்டுகள் மிஞ்சின. நூற்றுக்கு 10 பேருக்குப் பிறகு காய்ச்சல் வந்தது. நூற்றுக்கு 5, 6 பேருக்கு இரத்தம் ஏற்ற வேண்டி வந்தது.

இந்தக் கணக்கிலிருந்து நாம் படிக்க வேண்டியவை இரண்டு. பெரிய கல் உள்ளவர்களிலேயே நான்கில் மூன்று பேருக்கு ஒரு சின்னத் துளையோடு வேலை முடிகிறது. ஆகவே பயந்து தள்ளிப்போடக் கூடாது. தள்ளிப்போட்டால் கல் வளரும், அடைப்பு நீடித்தால் சிறுநீரகமே பழுதாகும். அதே நேரம், நான்கில் ஒருவருக்குத் துண்டு மிஞ்சலாம். மிஞ்சிய துண்டு சும்மாவும் இருக்கலாம், வளரவும் செய்யலாம். வலி இல்லை என்பதால் கல் இல்லை என்று அர்த்தம் இல்லை. எக்ஸ்ரேயோ ஸ்கேனோ எடுத்துப் பார்த்து, "கல் முழுசா போயிருச்சு" என்று டாக்டர் வாயால் சொன்ன பிறகுதான் அந்தக் கணக்கு முடிந்தது. அதற்காகத்தான் கிளினிக்குக்குத் திரும்பி வரச் சொல்கிறார்கள்.

உள்ளே வைக்கும் குழாய்

இனி அந்த அக்காவின் கதை.

அவர் நல்ல கொழுந்துக்காரி. கல் வலியில் துடித்து, பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் சேர்த்து, சிறுநீர் வழியாகக் கல்லை எடுத்தார்கள். மூன்றாம் நாள் சிரித்த முகத்தோடு வந்தார். லீவுக் கடிதம் எழுதக் கேட்டார், எழுதிக் கொடுத்தேன். இரண்டு வாரத்தில் பிரட்டுக்கு வந்துவிட்டார். எல்லோருக்கும் சந்தோஷம்.

கல் எடுத்த பிறகு வீக்கத்தால் சிறுநீர் அடைபடாமல் இருக்க, சிறுநீரகத்துக்கும் சலப்பைக்கும் நடுவே மெல்லிய பிளாஸ்டிக் குழாய் ஒன்றை உள்ளே வைப்பதுண்டு. ஸ்டென்ட் என்பார்கள். அதை வெளியிலிருந்து பார்க்க முடியாது. சில வாரங்களில் திரும்பப் போய் எடுத்துவிட வேண்டும். எடுப்பது சில நிமிட வேலை. அந்த அக்காவுக்கும் வைத்திருந்தார்கள். வார்ட்டில் சொல்லித்தான் அனுப்பினார்கள். ஆனால் சொன்னது சிங்களத்தில். அக்கா பாதி விளங்கித் தலையாட்டிவிட்டு வந்திருக்கிறார். திகதி கிளினிக் கொப்பியில் ஆங்கிலத்தில் இருந்தது. அந்தக் கொப்பி சேலைப் பெட்டிக்குள் போய்விட்டது.

இடுப்பு கடுக்கிறது, அடிக்கடி ஒன்றுக்கு வருகிறது, கூடை தூக்கினால் சிறுநீர் சிவக்கிறது என்று அவர் நடுவில் ஒரு நாள் என்னிடம் சொன்னார். "கிளினிக்குக்கு ஒருக்கா போயிட்டு வாங்களேன் அக்கா" என்றேன். "கல்லத்தான் எடுத்தாச்சே ஐயா, இன்னும் என்னாத்துக்குப் போகணும்? ஒரு பேர் போயிரும்" என்றார். நானும் விட்டுவிட்டேன். கொப்பியைக் கொண்டு வாருங்கள், பார்ப்போம் என்று ஒரு வார்த்தை நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

பதினான்கு மாதம் கழித்துக் குளிர் காய்ச்சலில் நடுங்கிக்கொண்டு வந்தார். எக்ஸ்ரேயில் பார்த்தால், உள்ளே இருந்த குழாயின் இரண்டு முனையிலும் கல் கட்டியிருந்தது. கல்லுக்கு வைத்த குழாயே கல்லாகிவிட்டது. அதை எடுக்க இரண்டு ஒப்பரேஷன் தேவைப்பட்டது. அந்தப் பக்கத்துச் சிறுநீரகம் பழையபடி வேலை செய்யாது என்று டாக்டர் சொன்னார். ஒரு பேர் போய்விடும் என்று பயந்தவருக்கு மூன்று மாதப் பேர் போயிற்று. இன்று வேலைக்கு வருகிறார். ஆனால் பழைய கொழுந்துக்காரியாக இல்லை.

இது அவருக்கு மட்டும் நடந்த அதிசயம் அல்ல. 1991இல் வெளியான ஓர் ஆய்வில், 6 வாரத்துக்குள் எடுத்த குழாய்களில் நூற்றுக்கு 9 குழாய்களில்தான் உப்புப் படிந்திருந்தது. 12 வாரத்துக்கு மேல் உள்ளே இருந்த குழாய்களில் நூற்றுக்கு 76இல் படிந்திருந்தது. நாள் போகப் போகக் குழாய் கல்லாகும் என்பதுதான் இதன் பொருள்.

ஆகவே ஆஸ்பத்திரியை விட்டு வரும் முன் மூன்று கேள்வி கேளுங்கள். கேட்பது நமது உரிமை. பாஷை தெரியாவிட்டால் தமிழ் தெரிந்த நர்ஸ் அம்மாவையோ பக்கத்துக் கட்டில்காரரையோ கூப்பிட்டுக் கேளுங்கள்.

1. எனக்கு உள்ளே குழாய் வைத்திருக்கிறீர்களா?
2. அதை எடுக்க எந்தத் திகதியில் வர வேண்டும்?
3. கல் முழுவதும் போய்விட்டதா என்று எப்போது பார்ப்பீர்கள்?

பதிலைத் தமிழில் எழுதி, வீட்டுக் கலண்டரில் அந்தத் திகதியைச் சுற்றி வட்டம் போடுங்கள். அந்த அக்காவுக்கு நடந்த பிறகு நான் மேசையில் ஒரு கொப்பி வைத்திருக்கிறேன். ஒப்பரேஷன் செய்து வரும் ஒவ்வொருவரின் திகதியும் அதில் இருக்கும். லீவுக் கடிதத்துக்கு வரும்போது கிளினிக் கொப்பியையும் கொண்டு வாருங்கள். திகதிக்கு மூன்று நாள் முன்னால் நான் ஆள் அனுப்பி ஞாபகப்படுத்துவேன்.

வீட்டுக்கு வந்த பிறகு

குழாய் உள்ளே இருக்கும் நாட்களில் இடுப்பில் லேசான கடுப்பு, அடிக்கடி ஒன்றுக்குப் போவது, சிறுநீர் கொஞ்சம் சிவப்பது எல்லாம் பலருக்கும் வரும். தண்ணீர் கூடக் குடித்தால் குறையும். குழாயை எடுத்ததும் பெரும்பாலும் நின்றுவிடும்.

வெளியே காயம் சின்னது என்பதற்காக உள்ளேயும் சின்னது என்று நினைக்காதீர்கள். முதுகில் துளை போட்டவர்கள் டாக்டர் சொல்லும் வரை கொழுந்துச் சாக்கு, விறகுக் கட்டு, தண்ணீர்க் குடம் தூக்கக் கூடாது. வீட்டில் உள்ள ஆண்களுக்கு ஒரு வார்த்தை: அந்த நாட்களில் பீலிக்கரையிலிருந்து தண்ணீர் கொண்டு வருவது உங்கள் வேலை. அம்மா படுத்திருக்கிறாள் என்று ஐந்தாம் வகுப்புப் பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாமல் நிறுத்தாதீர்கள்.

பின்வரும் நான்கில் ஒன்று வந்தாலும் விடியும் வரை காத்திருக்க வேண்டாம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

- குளிரும் நடுக்கமுமாகக் காய்ச்சல்
- சிறுநீர் போகாமல் நின்றுவிடுவது
- கட்டி கட்டியாக இரத்தம் போவது
- மருந்துக்கும் அடங்காத வலியும் வாந்தியும்

முக்கியமாக, கல் வலியோடு காய்ச்சலும் சேர்ந்தால் அது உயிருக்கே ஆபத்து. அடைபட்ட சிறுநீரில் கிருமி சேர்ந்து இரத்தத்தில் கலந்துவிடும். பெனடோல் போட்டுக்கொண்டு படுத்திருக்கும் நேரம் அல்ல அது. தோட்டத்து லொறியோ ஓட்டோவோ, எது கிடைக்கிறதோ அதில் ஏற்றுங்கள். நடு இராத்திரியானாலும் என் கதவைத் தட்டலாம்.

கல் திரும்பி வராமல் இருக்க

ஒப்பரேஷன் கல்லைத்தான் எடுக்கும். கல் உண்டாகும் காரணத்தை எடுக்காது. ஒன்றும் செய்யாமல் இருந்தால், ஒரு தடவை கல் வந்தவர்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்குப் பத்து வருடத்துக்குள் மீண்டும் வரலாம். தடுப்பதற்கு விலை கூடிய மருந்து தேவையில்லை, தண்ணீர் போதும்.

இத்தாலி நாட்டில் முதல் தடவை கல் வந்த 199 பேரை ஐந்து வருடம் கவனித்து, 1996இல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு பகுதியினரைத் தினமும் 2 லீற்றர் சிறுநீர் போகும் அளவுக்குத் தண்ணீர் குடிக்கச் சொன்னார்கள். அந்த 99 பேரில் 12 பேருக்குத்தான் கல் திரும்பி வந்தது. வழக்கம்போல இருந்த 100 பேரில் 27 பேருக்கு வந்தது. வெறும் தண்ணீர் பாதிக்கு மேல் குறைத்திருக்கிறது.

கணக்கு இலேசானது. ஒன்றரை லீற்றர் போத்தலில் கொதித்தாறிய தண்ணீர் ஒரு நாளைக்கு இரண்டு போத்தல். சிறுநீர் வெளுத்த நிறத்தில் போனால் போதுமான அளவு குடிக்கிறீர்கள். கடும் மஞ்சளாகப் போனால் போதவில்லை. இருதய வருத்தமோ, சிறுநீரகம் பழுதான வருத்தமோ உள்ளவர்கள் மட்டும் டாக்டர் சொல்லும் அளவுக்கு மேல் குடிக்கக் கூடாது.

உப்பைக் குறையுங்கள். ரொட்டிக்கு உப்புச் சம்பல், சோற்றுக்குக் கருவாடு, அந்திக்கு மிக்ஸர் என்று மூன்று வேளையும் உப்பு ஏறினால் சிறுநீரில் சுண்ணாம்புச் சத்து கூடும். ஆனால் சுண்ணாம்புச் சத்து என்று பயந்து பாலையும் தயிரையும் நிறுத்த வேண்டாம். 2002இல் வெளியான இத்தாலி ஆய்வொன்றில், பால் சத்தைக் குறைத்த 60 பேரில் 23 பேருக்குக் கல் திரும்பியது. பால் சத்தை அளவாக எடுத்து, உப்பையும் இறைச்சியையும் குறைத்த 60 பேரில் 12 பேருக்குத்தான் திரும்பியது. நமது சாயத் தண்ணியைப் பற்றியும் கேட்கிறீர்கள். அளவோடு குடிக்கலாம், கொஞ்சம் பால் சேர்த்தால் இன்னும் நல்லது. ஆனால் தண்ணீருக்குப் பதிலாகத் தேத்தண்ணி என்று வைத்துக்கொள்ள வேண்டாம்.

மலையில் தண்ணீர்

இதைச் சொன்னதும் பெண்கள் கூட்டத்தில் ஒரு அம்மா எழும்பி, "தண்ணிய குடிக்கச் சொல்றீங்க ஐயா, குடிச்சிட்டு மலையில எங்க போறது?" என்று கேட்டார். அவர் கேட்டது நியாயம். காலையில் பிரட்டுக்கு வந்தால் அந்தி வரை ஒன்றுக்குப் போக மறைவான இடம் இல்லை என்பதால், எங்கள் பெண்கள் தண்ணீரே குடிக்காமல் கொழுந்து எடுக்கிறார்கள். ஆஸ்பத்திரியில் எவ்வளவு நல்ல டாக்டர் கல்லை எடுத்தாலும், மலையில் நாம் அதைத் திரும்ப வளர்க்கிறோம்.

இதைத் தோட்ட நிர்வாகத்திடம் மாதக் கூட்டத்தில் எடுத்துச் சொல்லியிருக்கிறேன். மலைப் பக்கம் ஒரு மலசலகூடம், குடிக்கக் கொதித்தாறிய தண்ணீர், இரண்டும் வேண்டும் என்று எழுதியும் கொடுத்திருக்கிறேன். தலைவர்மாரும் மாதர் சங்கமும் சேர்ந்து கேட்டால் காரியம் கெதியாக நடக்கும். அது வரும் வரை, கொழுந்து நிறுக்கும் ஒவ்வொரு தடவையும் அரைப் போத்தல் குடித்துவிட்டு, இரண்டு இரண்டு பேராகக் காவலுக்கு நின்று போய் வாருங்கள். கங்காணிமாரே, அந்த ஐந்து நிமிடத்துக்கு முகம் சுளிக்காதீர்கள். ஒரு தொழிலாளி மூன்று மாதம் படுப்பதைவிட ஐந்து நிமிடம் தோட்டத்துக்கு நட்டம் இல்லை.

நினைவில் வையுங்கள்

- சின்னத் துளை ஒப்பரேஷனுக்குப் பயப்பட வேண்டாம், தள்ளிப்போடவும் வேண்டாம்.
- உள்ளே குழாய் இருந்தால், அதை எடுக்கும் திகதியை ஒரு நாளும் தவற விட வேண்டாம்.
- வலி நின்றாலும் கல் முழுவதும் போனதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.
- கல் வலியோடு காய்ச்சல் வந்தால் உடனே ஆஸ்பத்திரி.
- தினமும் இரண்டு பெரிய போத்தல் தண்ணீர்.

பிள்ளைகளே, இந்தப் பக்கத்தை வாசிக்கத் தெரியாத உங்கள் பாட்டிக்கும் தாத்தாவுக்கும் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். பெரியவர்களே, இதை வாசித்து முடித்ததும் சேலைப் பெட்டியைத் திறந்து, கிளினிக் கொப்பி ஏதும் உள்ளே கிடக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் நாளைக்கே என்னிடம் கொண்டு வாருங்கள். சேர்ந்து பார்ப்போம்.

இப்படிக்கு,
உங்கள் தோட்ட நலன்புரி உத்தியோகத்தர்